இலிதியம் மலிந்த வரலாறு: மானிப்பாய் இரசாயனம் முதல் மின்கலம் வரை

மேனாட்டு இரசாயனம் தமிழில் நூலுருப் பெற்ற வரலாறு மானிப்பாய் என்னும் ஊரோடு பிணைந்தது. அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டிலேயே மாணாக்கர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயை நிலையமாகக் கொண்டு அவர் நடத்திய அக்கல்வி காலப்போக்கில் தமிழ்வழிக் கல்வியாயிற்று. உடற்கூறு, இரண வைத்தியம், பிள்ளைப்பேறு, மருந்துப்பொருள் எனத் தொடர்ந்த அவரது நூல்வரிசையில், 1875 இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’ இரசாயனத்துக்குரியது. ஆங்கிலப் பெயரைத் தமிழோசைக்கு இசையத் திருத்தி, ‘அம்’ என்னும் ஈறும் கொடுத்து ஆக்கிய அத்தலைப்பு இக்காலத்தார்க்குச் சிறு நகையை விளைக்கக்கூடும். எனினும், அத்தலைப்பின்கீழ் வைத்த துணிவு சிறிதன்று. அமிலமும் காரமும் சேர்ந்து உப்பாகும் முறையை ஆங்கிலம் அறியாத ஒருவன் தன் மொழியிலேயே கற்கலாம் என்பதே அத்துணிவு.

அன்றைய மருத்துவ மாணாக்கனுக்கு இரசாயனம் வேண்டப்பட்டது ஆலைக்காக அன்று, மருந்துப் போத்தலுக்காகவே. இன்று மின்கலத்தோடு சேர்த்தே எண்ணப்படும் இலிதியமும் முதலில் அத்தகைய போத்தலொன்றின் வழியாகவே மக்களை அடைந்தது. இலண்டன் மருத்துவர் அல்பிரட் பேரிங் கரொட் 1859 இல் மூட்டுவாதம் பற்றி எழுதிய நூலில் இலிதியங்காபனேற்றை மருந்தாகப் பரிந்துரைத்தார். மூட்டுக்களிற் படியும் யூரிக்கமிலம் இலிதிய உப்பாக மாறும்போது நீரில் எளிதிற் கரைகின்றது என்பது அவர் கண்ட நியாயம். குடுவையில் உண்மையாகிய அந்நியாயம் உடலில் அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஆயினும், இலிதியங் கலந்த ஊற்றுநீர் பல தசாப்தங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலைப்பட்டது. 1949 இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் அதே காபனேற்று உளப்பித்தைத் தணிப்பதைக் கண்டறிந்த பின்னரே அதற்கு மருத்துவத்தில் நிலையான இடம் கிடைத்தது.

நூற்றாண்டுக்கு முன் மருந்துத் தராசில் நிறுக்கப்பட்ட இச்சேர்வை, 2023 அளவிற் காபனேற்றுக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன்னாக உற்பத்தியாயிற்று. இடையில் நிகழ்ந்தது யாது? உலோகம் புதிதாகப் பெருகிவிடவில்லை. அதைப் பிற உப்புக்களிலிருந்து பிரித்தெடுக்கும் செலவே குறைந்தது. அச்செலவைக் குறைத்த பொருள்களோ உப்புநீர், வெயில், சுண்ணாம்பு, சோடா, எரிகாரம் என்பன. இவற்றுட் பெரும்பாலானவை மானிப்பாயிலிருந்து ஒரு நாட் பயணத் தொலைவுக்குள் விளைந்தவையும் ஆக்கப்பட்டவையும் ஆகும். யாழ்ப்பாணத்தில் இலிதியம் எடுக்கப்படவில்லை, எடுக்கத்தக்க வளமும் அங்கில்லை. ஆயின் அதனை மலிவாக்கிய கைத்திறனின் கூறுகள் அங்கிருந்தன. அவை எவ்வாறிருந்தன, எவ்வாறு அற்றுப்போயின என்பதை இலிதியத்தின் வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போது இரண்டும் தெளிவுறுகின்றன.

இலிதியத்தின் கதை கல்லிலே தொடங்குகின்றது. சுவீடனைச் சேர்ந்த ஊற்றோ தீவின் பெற்றலைற்று என்னும் கனிப்பொருளை 1817 இல் பகுத்தாய்ந்த யோகான் ஓகஸ்ற் ஆர்வெட்சன், கூறுகளையெல்லாங் கூட்டிப் பார்த்தபோது நிறைக்கணக்கு நூற்றுக்கு நூறாக வரவில்லை. குறைந்த சில பங்கு, அதுவரை அறியப்படாத ஒரு காரத்துக்குரியது எனக் கண்டார். அவருடைய ஆசிரியர் பேர்சீலியஸ் கல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார். உலோகத்தைக் காணத்தக்க அளவிற் பிரித்தோர் புன்சனும் மத்தீசனும் ஆவர். உருக்கிய இலிதியங்குளோரைட்டை மின்பகுத்து 1855 இல் அதனை அவர்கள் செய்தனர். மானிப்பாயிற் கிறீன் மாணாக்கருக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

ஐந்தாண்டுகளின் பின் புன்சனும் கேர்ச்சோவும் நிறமாலைகாட்டியை அமைத்துச் சுவாலையிற் பொருள்களைச் சோதித்தபோது, இலிதியத்துக்குரிய செங்கோடு எதிர்பாராத இடங்களிலெல்லாந் தோன்றிற்று. கடல்நீர், ஊற்றுநீர், திராட்சையிலையின் சாம்பல், புகையிலைச் சாம்பல் என அப்பட்டியல் நீண்டது. அந்நாளில் யாழ்ப்பாணத்தின் செல்வமே புகையிலைதான். திருவிதாங்கூர் வரை ஏற்றிச்செல்லப்பட்ட அப்பயிரின் சுருட்டுச் சாம்பலிலும் இவ்வுலோகம் அணுவளவாக இருந்திருக்கும் என எண்ணுவது வேடிக்கையானதே. ஆயின் அவ்வேடிக்கையிலேதான் இலிதியத்தின் பொருளாதாரம் முழுவதும் அடங்கியுள்ளது. அது எங்குமுளது, எங்கும் சொற்பமாகவே உளது. கடல்நீர் லீற்றரொன்றில் உள்ளது ஏறத்தாழ 0.17 மில்லிகிராம். ஒரு தொன் உலோகத்துக்கு ஏறக்குறைய அறுபது இலட்சம் கனமீற்றர் கடல்நீரை ஆராயவேண்டும். ஆதலின், இலிதியம் அரிதான பொருள் என்பதினும் சிதறிக்கிடக்கும் பொருள் என்பதே பொருந்தும்.

சிதறியதைத் திரட்டும் முதல்முறை கல்லை வாட்டுவதாக இருந்தது. இலிதியம் மிகுந்த கற்களுட் சிறந்ததாகிய சுபொடுமீன் இயற்கை நிலையில் அமிலத்துக்கும் அசையாதது. அதனை 1000 பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்கினால் பளிங்கமைப்பு மாறி, பருமன் ஏறத்தாழ 30 சதவீதம் பெருகி, கல் பொடியாக உதிர்கின்றது. அதன்பின் செறிந்த சல்பூரிக்கமிலத்தோடு 250 பாகையளவிற் சுட்டு நீர்விட்டாற் சல்பேற்றாகக் கரைந்துவரும். கரைசலைத் துப்புரவாக்கிச் சோடியங்காபனேற்றை, அஃதாவது சலவைச் சோடாவை, இட்டால் இலிதியங்காபனேற்று வெண்பொடியாக வீழ்கின்றது. இவ்விடத்தில் இயற்கை செய்த உதவியொன்று குறிக்கற்பாலது. பெரும்பாலான உப்புக்கள் வெந்நீரிற் கூடுதலாகக் கரைவன. இலிதியங்காபனேற்றோ வெந்நீரிற் குறைவாகவே கரைகின்றது. நூறு மில்லிலீற்றர் நீரில் 20 பாகையில் 1.3 கிராம் அளவிற் கரையும் அது, கொதிநிலையில் 0.7 கிராம் அளவே கரையும். ஆகவே கொதிக்கக் கொதிக்க வீழ்த்தி, கொதிநீராலேயே கழுவினால், சோடிய உப்புக்கள் ஓடிவிட இலிதியம் எஞ்சிவிடுகின்றது. ஆலைக்காரரின் துப்புரவுச் செலவிற் பெரும்பகுதியை இந்த ஒரு பண்பு மிச்சப்படுத்திற்று.

எனினும் இம்முறை எரிபொருளை விழுங்குவது. இலிதியத்தின் தேவையும் நெடுங்காலம் சிறிதாகவே இருந்தது. ஜெர்மனியின் மெற்றால்கெசெல்சாப்ற் நிறுவனம் 1923 இல் உலோகத்தை வணிகமுறையில் ஆக்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னரே எடிசன் தமது நிக்கல்-இரும்பு மின்கலத்தின் காரக்கரைசலில் இலிதியமைதரொட்சைட்டைச் சேர்த்திருந்தார். மின்கலத்தில் இலிதியச் சேர்வை புகுந்த தொடக்க வரலாறு அதுவே. ஆயின் தேவையைத் திடீரெனப் பெருக்கியது மின்கலமன்று, ஐதரசன் குண்டு. 1950 களில் அமெரிக்க அரசு இலிதியமைதரொட்சைட்டைத் தொன் தொன்னாக வாங்கியது. வட கரோலினாவின் கற்சுரங்கங்களும் வாட்டும் உலைகளும் அதனால் விரிந்தன. அரசின் கொள்வனவு நின்றபின் மிஞ்சிய ஆற்றலும் அறிவும் மட்பாண்டப் பூச்சு, கண்ணாடி, மசகுநெய் ஆகிய தொழில்களுக்குத் திரும்பின. நோய்க்கென வந்த பொருள் அழிவுக்கெனப் பெருகி, பின்னர் வீட்டுப் பொருளானது.

செலவை உண்மையிற் குறைத்த மாற்றம் உலையை விட்டு உப்பளத்துக்குச் சென்றதாகும். இதனை விளங்கிக்கொள்ளக் குடாநாட்டின் கழுத்தாகிய ஆனையிறவே போதும். சோளகக் காற்றும் வெயிலும் ஓங்கும் மாதங்களிற் கடல்நீரேரியின் நீர் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு விடப்படும். நீர் வற்ற வற்ற, முதலிற் சுண்ணகக்கல் படியும்; அடுத்து ஜிப்சம் படியும்; அதன்பின் கறியுப்பு விளையும். உப்பு வாரியபின் எஞ்சுவது மகனீசியமும் பொற்றாசியமும் செறிந்த கசப்பு நீர். எந்தப் பாத்தியில் எதைப் படியவிட வேண்டும், எப்போது நீரை மாற்ற வேண்டும் என்பதிலேயே உப்பு விளைப்போனின் அறிவெல்லாம் தங்கியிருக்கின்றது. நீர் பிந்தி மாறினால் உப்புக் கசக்கும். இரசாயன நூல் இதனைப் பகுதிபடப் பளிங்காக்கல் என்னும். உப்பளத்தாருக்கு அது கைப்பழக்கம்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள சில்வர் பீக்கில் 1966 இலும், சிலி நாட்டின் அற்றக்காமா உப்புப் பாலையில் 1984 இலும் தொடங்கிய இலிதிய உற்பத்தி இதே கைப்பழக்கத்தின் நீட்சியே. அற்றக்காமாவின் நிலத்தடி உப்புநீரில் இலிதியம் ஏறத்தாழ 0.15 சதவீதம். கடல்நீரோடு ஒப்பிடின் அது பல ஆயிரம் மடங்கு. அந்நீரைப் பாத்திகளிற் பரப்ப, கறியுப்பு முதலிலும் பொற்றாசிய உப்புக்கள் அடுத்தும் மகனீசிய உப்புக்கள் அதன்பின்னும் வீழ்கின்றன. பெரும்பாலான உப்பளங்கள் கழிவெனக் கருதும் கடைசிக் கசப்பு நீரே இங்கு விலைப்பொருள். ஓராண்டுக்கு மேல் வெயிலிற் கிடந்தபின் அதில் இலிதியம் ஏறக்குறைய 6 சதவீதமாகச் செறிகின்றது. பின்னர் போரன் நீக்கப்படும். எஞ்சிய மகனீசியத்தைச் சுண்ணாம்பு வீழ்த்தும். சலவைச் சோடா காபனேற்றை வீழ்த்தும். உலைக்கு வேண்டிய எரிபொருட் செலவு அகன்றது. அதனை ஞாயிறு ஏற்றுக்கொண்டது. எஸ்.கியூ.எம். என்னும் சிலி நிறுவனம் 1990 களின் பிற்பாதியில் இம்முறையிற் பெருமளவு காபனேற்றைச் சந்தைக்கு விட்டபோது விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. வட கரோலினாவில் எஞ்சியிருந்த சுரங்கமும் அந்நாட்களிலேயே மூடப்பட்டது. மின்கலத்துக்குரிய இலிதியம் மலிந்ததென்று சொல்லத்தக்க முதற்கட்டம் இதுவே.

இம்மலிவுக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஒரு தொன் காபனேற்றுக்கு ஓர் இலட்சம் லீற்றருக்கும் அதிகமான உப்புநீர் நிலத்தடியிலிருந்து இறைக்கப்பட்டு வானத்துக்குப் போகின்றது. உலகின் மிக வறண்ட பாலைகளுள் ஒன்றாகிய அற்றக்காமாவில், பாலையின் ஓரத்து நன்னீர் தாழ்ந்துவிடுமென அங்குள்ள தொல்குடியினர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்லத்தக்கது எதுவுமின்றி, சுண்ணக்கற் பாறையின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லையை நம்பிக் கிணறு தோண்டி வாழும் குடாநாட்டாருக்கு அம்முறைப்பாடு அந்நியமானதன்று. கிணற்று நீர் ஒருமுறை உவர்த்துவிட்டால் தோட்டம் தரிசாகும் என்பது அவர்கள் அனுபவத்தால் அறிந்தது. இதனாலேயே ஆவியாக்காமல் இலிதியத்தை மாத்திரம் பற்றிக்கொண்டு நீரைத் திரும்ப விடும் முறைகள் நாடப்படுகின்றன. அலுமினியமைதரொட்சைட்டின் அடுக்குகளுக்கிடையே இலிதியங்குளோரைட்டைப் புகவிட்டு, பின்னர் நன்னீராற் கழுவி எடுக்கும் முறை ஆர்ஜென்ரீனாவின் ஒம்ப்றே முவேர்ட்டோவில் 1990 களின் பிற்பகுதியிலிருந்து பயன்படுகின்றது. சீனத்தின் சிங்காய் ஏரிகளிலும் அதன் வகைகள் பரவியுள்ளன. இம்முறையும் கழுவுதற்கு நன்னீர் கேட்கின்றது என்பதை அதைப் புகழ்வோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

காபனேற்று ஒருபுறமிருக்க, நிக்கல் மிகுந்த மின்முனைகளுக்கு வேண்டுவது இலிதியமைதரொட்சைட்டு. அதனை ஆக்கும் பழைய வழி எளியது: காபனேற்றை நீற்றிய சுண்ணாம்பு நீரோடு கலந்தால் கல்சியம் காபனேற்றாக வீழ, இலிதியமைதரொட்சைட்டு கரைசலில் நிற்கும். அவுஸ்திரேலியாவிலிருந்து சுபொடுமீனை இறக்குமதி செய்யும் சீன ஆலைகள் பின்பற்றும் வழி வேறு. கல்லிலிருந்து வந்த இலிதியஞ்சல்பேற்றுக் கரைசலில் எரிகாரத்தை, அஃதாவது சோடியமைதரொட்சைட்டை, நேராக இட்டுக் குளிர வைப்பர். சோடியஞ்சல்பேற்று பளிங்காகப் பிரிந்துவிடும்; காபனேற்றாக்கும் படி மிச்சமாகும். இவ்வழிகள் எல்லாவற்றிலும் இலிதியத்தின் விலை, சுண்ணாம்பு, சோடா, எரிகாரம் ஆகிய மூன்று பழம்பொருள்களின் விலையிலே தங்கியுள்ளது. சோடாவை 1860 களில் மலிவாக்கிய சோல்வே முறைக்கு மூலப்பொருள்கள் உப்பும் சுண்ணக்கல்லும் ஆகும். எரிகாரத்துக்கு மூலப்பொருள் உப்பும் மின்சாரமும் ஆகும்.

இலங்கையின் வடபுலத்தில் இவற்றுக்கெனத் தொழில் இருந்தது. காங்கேசன்துறையிற் சுண்ணக்கல்லைக் கொண்டு 1950 இல் சீமெந்து ஆலை இயங்கத் தொடங்கிற்று. ஆனையிறவுக்குத் தெற்கே பரந்தனில் 1950 களில் அரசு நிறுவிய இரசாயன ஆலை, அவ்வுப்பளத்தின் உப்பைக் கரைத்து மின்பகுத்து எரிகாரமும் குளோரினும் ஆக்கிற்று. சவர்க்காரம், கடதாசி, நெசவு முதலிய உள்நாட்டுத் தொழில்களுக்கு வேண்டிய எரிகாரமும், குடிநீரைத் துப்புரவாக்கும் குளோரினும் அங்கிருந்து வழங்கப்பட்டன. உப்பளத்துத் தொழிலாளி வாரிய உப்பு இருபது கல் தாண்டுமுன்னரே எரிகாரமாயிற்று என்பது சிறிய செய்தியன்று. கிறீன் காலத்து மாணாக்கன் நூலிற் படித்த மின்பகுப்பு, அவன் பேரன் காலத்தில் வேதனம் தரும் தொழிலாயிற்று. அப்பேரன் தலைமுறையினர் பள்ளியில் இரசாயனத்தைத் தமிழிலேயே கற்றனர். அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வழியாக ‘இலிதியம்’, ‘காபனேற்று’, ‘ஐதரொட்சைட்டு’ என்னும் வடிவங்கள் நிலைபெற்றன. கொழும்பு மருத்துவப் பள்ளி 1870 இல் ஆங்கிலத்திலே தொடங்கியதும், 1873 இல் கிறீன் தாயகம் திரும்பியதும் மானிப்பாய்த் தமிழ்வழிக் கல்வியைத் தளரச் செய்தன. அவற்றால் அறுந்த இழை நெடுநாட்பட்டு இவ்வாறு மீண்டும் முடியப்பட்டது.

முடிச்சு நிலைக்கவில்லை. போர் பரந்தன் ஆலையை 1985 இல் நிறுத்திற்று. 1990 இல் ஆனையிறவு உப்பளமும் காங்கேசன்துறை ஆலையும் ஓய்ந்தன. அவ்வாண்டு யூனில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கான மின்வழங்கல் அற்றுப்போனது. பொருளாதாரத் தடையால் வடக்குக்குச் செல்லக்கூடாதென விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் எரிபொருளோடும் பிறவற்றோடும் பற்றரியும் இருந்தது. உலகில் எங்கும் பெட்டிக்கடையிற் கிடைக்கும் உலர்மின்கலம் யாழ்ப்பாணத்தில் மறைத்துக் கொண்டுவரவேண்டிய பொருளாயிற்று. மானிப்பாயிலும் அயலூர்களிலும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னிலே வானொலிச் செய்தி கேட்டனர். யாம் போத்தலிற் பஞ்சுத்திரியிட்ட விளக்கின் ஒளியிற் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். அவர்கள் படித்த இரசாயனப் பாடத்தில் மின்கலத்தின் தாக்கச் சமன்பாடு இருந்தது. கையில் மின்கலம் இல்லை. சேமித்துவைத்த மின்சாரம் என்பது எத்துணை பெரும் உரிமை என்பதை ஆய்வுகூடத்தைவிட அவ்விரவுகள் தெளிவாகக் கற்பித்தன.

அந்த இருண்ட ஆண்டுகளுள் ஒன்றாகிய 1991 இலேதான் யப்பானில் சோனி நிறுவனம் இலிதியம்-அயன் மின்கலத்தை வணிகத்துக்கு விட்டது. அதன் நேர்மின்முனை, ஜோன் குடினஃப் 1980 இல் ஒக்ஸ்போட்டிற் கண்ட இலிதியங் கோபாற்று ஒட்சைட்டு. மின்கலம் சிறந்தது, கோபாற்றோ விலையுயர்ந்தது. காபனேற்று எவ்வளவு மலிந்தாலும் கோபாற்று இருக்குமட்டும் மின்கலம் செல்வரின் பொருளாகவே இருக்கும். இதற்கு மாற்றுக் கண்ட வரலாற்றில் தமிழர் ஒருவரின் பங்கு முதன்மையானது. தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்து, மதுரையிலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1980 களின் நடுப்பகுதியிற் குடினஃபோடு சேர்ந்து முதலில் ஒக்ஸ்போட்டிலும் பின் ரெக்சாசிலும் ஆராய்ந்தார். இரும்பு மலிவானது, ஆயின் இரும்பு ஒட்சைட்டில் மின்னழுத்தம் மிகத் தாழ்வு. அவர்கள் ஒட்சைட்டை விடுத்து இரும்பின் சல்பேற்றையும் மொலித்தேற்றையும் எடுத்தனர். சல்பேற்றில், கந்தகம் ஒட்சிசனைத் தன்பால் இறுக இழுப்பதால் ஒட்சிசனுக்கும் இரும்புக்குமிடையிலான பிணைப்புத் தளர்கின்றது. அதனால் மின்னழுத்தம் 3.6 உவோற்றாக உயர்கின்றது. 1987 இலும் 1989 இலும் வெளியான அவ்வாய்வுகள் காட்டிய வழியில், அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அக்சய பாடி, நஞ்சுண்டசுவாமி, குடினஃப் ஆகியோர் 1997 இல் இலிதியம் இரும்புப் பொசுபேற்றை வெளிப்படுத்தினர்.

அறிஞர் உலகம் முதலில் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. மின்சாரத்தை அரிதாகவே கடத்தும் அப்பொடி, காபன் பூசப்பட்ட பின்னரே பயனுற்றது. ஆனாற் செலவை நோக்கும்போது அது பிறவற்றிலிருந்து வேறானது. இரும்பும் பொசுபேற்றும் உர ஆலைகளும் உருக்காலைகளும் கையாளும் சாதாரணப் பொருள்கள். இலிதியமூலமாக விலையுயர்ந்த ஐதரொட்சைட்டு வேண்டியதில்லை, காபனேற்றே போதும். ஒரு கிலோவாற்று-மணி ஆற்றலைச் சேமிக்க அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட காபனேற்று தேவைப்படும். சீன ஆலைகள் இதனைப் பேரளவில் ஆக்கின. 2024 இல் உலகில் விற்பனையான மின்மகிழுந்துகளின் மின்கலங்களில் ஏறக்குறையப் பாதி இரும்புப் பொசுபேற்று வகை. 2010 இல் கிலோவாற்று-மணிக்கு ஆயிரம் டொலருக்கு மேலிருந்த மின்கலத் தொகுதியின் சராசரி விலை 2024 இல் 115 டொலராக இறங்கிற்று. 2019 இற் குடினஃபுக்கும் மற்றிருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, தொண்ணூற்றேழு வயதான ஆசிரியரின் பேருரையை ஸ்ரொக்கோமில் நிகழ்த்தியவர் மந்திரம் ஆவார்.

விலை எப்போதும் இறங்குமுகமாகவே இருந்ததெனக் கொள்ளுதல் தவறு. மின்மகிழுந்துகளின் தேவை பொங்கியபோது சீனச் சந்தையிற் காபனேற்றின் விலை 2022 நவம்பரில் தொன்னுக்கு ஏறக்குறைய 6 இலட்சம் யுவானைத் தொட்டது. 2023 முடிவில் ஏறக்குறைய 1 இலட்சத்துக்கு வீழ்ந்தது. ஈராண்டுக்குள் இரசாயனம் மாறிவிடவில்லை. சுரங்கங்களும் பாத்திகளும் பெருகின, பதுக்கிவைத்தோர் விற்றனர். இந்த ஊசலாட்டத்தில் நிலைத்து நின்றவர்கள் எரிகாரமும் சோடாவும் அமிலமும் தம் நாட்டிலேயே மலிவாகக் கிடைக்கப் பெற்றவர்களே. கற்சுரங்கம் அவுஸ்திரேலியாவுக்குரியதாயினும் கல்லை உப்பாக்கும் ஆலைகளுட் பெரும்பாலானவை சீனத்தில் அமைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக எண்ணத்தக்கது காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் வழங்க, 1948 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உப்பிலிருந்து எரிகாரமும் குளோரினும் மகனீசியமும் ஆக்கும் வழிகளை ஆராய்ந்து வளர்ந்தது. இலிதியம்-அயன் கலங்களை உள்நாட்டிலேயே ஆக்கும் முறையை வகுத்து, 2018 இல் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு அதனைக் கைமாற்ற உடன்பட்டதும் அவ்வாய்வகமே. வறண்ட செட்டிநாட்டில் ஓர் ஊர் மின்வேதியியலின் ஊராக ஆனதற்கு அங்குள்ள மண் காரணமன்று. ஆய்வகம் எழுபது ஆண்டுகள் இடையறாமல் இயங்கியதே காரணம்.

பாக்குநீரிணைக்கு இப்பால் அந்த இடையறாமை வாய்க்கவில்லை. ஆனையிறவில் உப்பு மீண்டும் விளைகின்றது. மேசையுப்பு ஆக்கும் ஆலையொன்று 2025 மார்ச்சில் அங்கே திறக்கப்பட்டது. மானிப்பாயிற் கிறீன் பெயர் தாங்கிய மருத்துவமனை உளது. பரந்தன் பெயர் தாங்கிய அரச கம்பனியும் உளது. ஒருகாலத்தில் உப்பிலிருந்து குளோரினை ஆக்கிய அந்நிறுவனம், ஆலை நின்றபின் குடிநீர் வழங்கலுக்கு வேண்டிய குளோரினைக் கடல்கடந்து தருவித்து விற்பதையே தன் தொழிலாகக் கொண்டது. அதன் பழைய ஆலையின் சிதைந்த கட்டடங்களிலிருந்து ஆனையிறவுப் பாத்திகள் சில கல் தொலைவே.